நீக்கப்பட்டவரே செவிலியர்களின் பாதுகாவலர்



புதுச்சேரி நகருக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது பிள்ளைச்சாவடி. கடலை நம்பியே வாழ்ந்து, அந்தக் கடலோடே போராடும் ஊர் இது. கரை அரிப்பில் வீட்டையே இழந்த குடும்பங்கள் இங்கே உண்டு. இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு பெண்பிள்ளையை நர்சிங் படிக்க வைப்பது சாதாரணச் செலவு அல்ல. நகை அடகுக்குப் போகும், குழுக்கடன் வாங்கப்படும், அண்ணனின் கல்யாணம்கூட ஓராண்டு தள்ளிப்போகும். அந்தப் பிள்ளை சீருடை அணிந்து முதல் நாள் டூட்டிக்குப் போகும்போது தெருவே பெருமைப்படுகிறது.

அதே பிள்ளை மூன்றே மாதத்தில், "நாளை முதல் வர வேண்டாம்" என்று சொல்லப்பட்டு வீடு திரும்பினால் என்ன ஆகும்? வேலை போன வருத்தம் ஒரு பக்கம் இருக்க, "ஏம்மா, இன்னைக்கு டூட்டி இல்லையா?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது அதைவிடப் பெரிய பாரமாகிவிடுகிறது. பலர் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். அன்பியக் கூட்டம் நடக்கும் நாளில் தலைவலி என்று படுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்கள் வாழும் வீடுகளுக்காகவும் இந்தச் சிந்தனை.

மூன்று முறை அனுப்பப்பட்டவர்

செவிலியர்களின் பாதுகாவலர் என்று திருஅவை போற்றும் புனித கமில்லஸ் தே லெல்லிஸ் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். சிவப்புச் சிலுவை அணிந்த அவருடைய சபையினரை மருத்துவமனைகளில் கண்டும் இருக்கலாம். ஆனால் நோயாளிகளைப் பராமரிக்கும் தம் முதல் வேலையிலிருந்து அவர் நீக்கப்பட்டவர் என்பது பலருக்குத் தெரியாது.

1550ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்த கமில்லஸ், இளம் வயதிலேயே போர்வீரர் வாழ்க்கைக்குப் போனார். காலில் ஏற்பட்ட புண் ஆறவில்லை. அதற்குச் சிகிச்சை தேடி 1571இல் உரோமை நகரின் புனித யாக்கோபு மருத்துவமனைக்கு வந்தார். சிகிச்சை பெற்றுக்கொண்டே அங்கே பணியாளராகவும் சேர்ந்தார். ஆனால் சூதாட்டப் பழக்கமும் சண்டைக் குணமும் அவரை விடவில்லை. சில மாதங்களில் மருத்துவமனை அவரை வெளியே அனுப்பிவிட்டது.

மீண்டும் படையில் சேர்ந்தார். 1574இல் கையில் இருந்ததையெல்லாம் சூதாட்டத்தில் தோற்றார். வயிற்றுப் பிழைப்புக்காகக் கப்புச்சின் துறவிகளின் கட்டட வேலையில் கூலியாளாகச் சேர்ந்தார். 1575 பிப்ரவரி 2ஆம் நாள் அவர் மனம் மாறியது. துறவியாக வேண்டும் என்று கப்புச்சின் மடத்தில் சேர்ந்தார். காலின் புண் திறந்துகொண்டது, அனுப்பிவிட்டார்கள். சிகிச்சைக்குப் பின் மறுபடியும் சேர்ந்தார். மறுபடியும் புண், மறுபடியும் அனுப்பிவிட்டார்கள்.

முதல் முறை நீக்கப்பட்டதற்குக் காரணம் அவருடைய நடத்தை. அடுத்த இரண்டு முறையும் அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை, உடல்நிலை மட்டுமே காரணம். இந்த வேறுபாட்டை நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதன்பின் கமில்லஸ் எங்கே போனார்? தம்மை வெளியே தள்ளிய அதே மருத்துவமனைக்கே திரும்பினார். இம்முறை அவருடைய உழைப்பைக் கண்ட நிர்வாகம், பின்னாளில் அவரையே அங்கே மேற்பார்வையாளராக ஆக்கியது. நோயாளிகளைக் கூலிக்காக மட்டும் கவனிக்கும் நிலை மாற வேண்டும் என்ற எண்ணம் 1582இல் அங்கேதான் அவருக்குள் பிறந்தது. 1586இல் அவருடைய சபைக்குத் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்தது. 1614 ஜூலை 14ஆம் நாள் அவர் இறக்கும்வரை அந்தக் கால் புண் முழுமையாக ஆறவேயில்லை. 1746இல் புனிதராக உயர்த்தப்பட்ட அவரை, 1930இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் செவிலியர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

உங்களுடையது எந்த வகை?

வேலை போனவுடன் மனம் இரண்டு முனைகளில் ஏதாவது ஒன்றுக்கு ஓடுகிறது. "எல்லாம் என் தப்பு, எனக்கு இந்த வேலையே லாயக்கில்லை" என்பது ஒரு முனை. "எல்லாம் அவர்கள் சூழ்ச்சி" என்பது மறுமுனை. இரண்டுமே நம்மை முன்னே நகர விடாது. எதனால் நீக்கப்பட்டோம் என்று நிதானமாகப் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் மருந்து.

முதல் வகை, நம்மிடம் திருத்த வேண்டியது உண்மையிலேயே இருப்பது. அடிக்கடி தாமதம், மருந்துப் பதிவேட்டில் கவனக்குறைவு, செய்த பிழையை மறைத்தது போன்றவை. மருத்துவமனையின் பக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். அங்கே கட்டிலில் படுத்திருப்பவரின் உயிருக்கு அவர்கள் பொறுப்பு. இந்த வகையில் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்வதால் பயன் இல்லை. இன்னது என்று பெயர் சொல்லி, அதை மட்டும் திருத்த வேண்டும். கமில்லஸ் திருத்தியது சூதாட்டத்தை. நோயாளிகளைப் பராமரிக்கும் வேலையை அவர் விடவில்லை.

இரண்டாவது வகை, இடம் பொருந்தாமல் போவது. அவசரப் பிரிவின் வேகம் ஒருவருக்கு ஒத்துவராது. அவரே மகப்பேறு வார்டில் அருமையாகப் பணிபுரியலாம். தொடர்ந்து நைட் டூட்டி பார்க்க உடல் இடங்கொடுக்காமல் போகலாம். இது குற்றமும் அல்ல, திறமைக் குறைவும் அல்ல.

மூன்றாவது வகைக்கும் நம் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. தமிழகத்தில் நடந்ததை நாம் அறிவோம். கொரோனா பரவிய 2020இல், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாகச் செவிலியர்கள் மாதம் 14,000 ரூபாய் ஊதியத்தில் தற்காலிகமாக எடுக்கப்பட்டார்கள். உறவினரே நெருங்க அஞ்சிய வார்டுகளில் அவர்கள் கவச உடைக்குள் வியர்த்து நின்று பணிபுரிந்தார்கள். 2022 டிசம்பர் 31ஆம் நாளோடு அவர்களில் ஏறத்தாழ 2,400 பேரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் முடிந்தது. புத்தாண்டு நாட்களில் அவர்கள் சேலத்திலும் சென்னையிலும் போராட்டத்தில் அமர்ந்தார்கள். மாற்றுப் பணி தருவதாக அரசு அறிவித்தது, அவர்களோ பணிநிரந்தரம் கேட்டார்கள். அந்த வழக்கின் நியாயங்கள் எப்படி இருந்தாலும் ஒன்று உறுதி. அவர்களில் எவரும் நோயாளியைச் சரியாகக் கவனிக்கவில்லை என்பதற்காக அனுப்பப்படவில்லை.

2014 ஜூலை 5ஆம் நாள் ஈராக்கின் திக்ரித் நகரிலிருந்து மீட்கப்பட்டுக் கொச்சி வந்து இறங்கிய 46 இந்தியச் செவிலியரையும் நினைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் கேரளப் பெண்கள், ஒருவர் தூத்துக்குடியைச் சேர்ந்தவர். உயிர் தப்பியதற்கு நாடே நன்றி சொன்னது. ஆனால் வெளிநாட்டு வேலைக்காக வாங்கிய கடன் அவர்களில் பலருக்கு வீட்டில் அப்படியே காத்திருந்தது. போர் பறித்த வேலைக்கு எந்தச் செவிலியரைக் குற்றம் சொல்வது?

முதல் மாதங்கள் ஏன் கடினம்?

அமெரிக்கச் செவிலியப் பேராசிரியர் மார்லின் கிரேமர் 1974இல் எழுதிய நூலில், புதுச் செவிலியர் அடையும் தடுமாற்றத்துக்கு 'யதார்த்த அதிர்ச்சி' என்ற பொருளில் ஒரு பெயர் கொடுத்தார். கல்லூரியில் ஒரு நோயாளிக்கு எப்படிப் பணிவிடை செய்ய வேண்டும் என்று நிதானமாகக் கற்கிறோம். வார்டிலோ ஒரே நேரத்தில் பத்துப் பேர் அழைக்கிறார்கள். கற்றதற்கும் கண்டதற்கும் இடையிலுள்ள பள்ளத்தில் விழுந்து எழுவதுதான் முதல் ஆண்டு.

1984இல் பாட்ரிசியா பென்னர் என்ற மற்றொரு செவிலிய அறிஞர், இத்தொழிலின் வளர்ச்சியை ஐந்து படிகளாக விளக்கினார். தொடக்கநிலையில் ஆரம்பித்து வல்லுநர் நிலையில் முடியும் அந்த ஏணியில், நடுவில் உள்ள மூன்றாம் படிக்கு வரவே ஒரே வகைப் பணியில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்றார். அப்படியானால், மூன்று மாதத்தில் நீக்கப்பட்ட ஒருவர் ஏணியின் அடிப்படியில் வைத்தே தீர்ப்பிடப்பட்டிருக்கிறார். அந்தத் தீர்ப்பு அந்த மூன்று மாதத்துக்கு மட்டுமே பொருந்தும். அதை ஆயுள் முழுமைக்கும் நீட்டிக்கொள்ள வேண்டாம்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். ஆனால் சில காரியங்களைத் தள்ளிப்போடாதீர்கள்.

நியமன ஆணையை எடுத்து, தகுதிகாண் காலம், முன்னறிவிப்புக் காலம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். நீக்கியதற்கான காரணத்தை எழுத்தில் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று சொன்னால், உடனே கையெழுத்திடாமல் ஒருநாள் அவகாசம் கேட்டு, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

வேலை பார்த்த நாட்களுக்கான ஊதியம் உங்கள் உரிமை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தந்துவிட வேண்டும். பணி செய்த காலத்துக்கான சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். மூன்று மாதமும் அனுபவமே. அசல் சான்றிதழ்களை நிர்வாகம் வாங்கி வைத்திருந்தால், அவற்றைத் திரும்பக் கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள், நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வருங்கால வைப்புநிதிக் கணக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான ஒன்று: வேலை போவதால் செவிலியர் கவுன்சிலில் செய்த பதிவு போய்விடாது. மருத்துவமனை கொடுத்தது வேலையை மட்டுமே. படிப்பையும் பதிவையும் நீங்கள் உழைத்துப் பெற்றீர்கள்.

கோபத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் எதையும் எழுதாதீர்கள். நோயாளிகளைப் பற்றி அறிந்தவை எந்த நிலையிலும் வெளியே வரக்கூடாது.

அடுத்த நேர்முகத் தேர்வில் "ஏன் விலகினீர்கள்?" என்று கேட்பார்கள். பொய் சொல்ல வேண்டாம், புலம்பவும் வேண்டாம். "தகுதிகாண் காலத்தில் விடுவிக்கப்பட்டேன். இந்த விஷயத்தில் எனக்குப் பயிற்சி போதவில்லை. அதன்பின் இதைக் கற்றிருக்கிறேன்" என்று மூன்று வாக்கியத்தில் முடித்துவிடலாம். பழைய மருத்துவமனையைத் தூற்றுகிறவர் நாளை நம்மையும் தூற்றுவார் என்றுதான் எதிரே இருப்பவர் நினைப்பார்.

அவசரத்தில் எந்தச் சம்பளத்துக்கும் தலையாட்டிவிடவும் வேண்டாம். 2016இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. அது எல்லா இடங்களிலும் நடைமுறையில் இல்லை என்றாலும், பேசும்போது கையில் ஓர் அளவுகோல் இருப்பது நல்லது.

வீட்டாருக்கும் பங்குமக்களுக்கும்

கடற்கரைக் குடும்பங்களுக்கு வருமானம் நின்றுபோகும் காலம் புதிதல்ல. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும். அந்த நாட்களில் யாரும் மீனவரைப் பார்த்து "உனக்குக் கடல் தெரியாது" என்று சொல்வதில்லை. அவர்கள் படகைப் பழுது பார்க்கிறார்கள், வலையைச் சீராக்குகிறார்கள், வீட்டில் செலவைச் சுருக்குகிறார்கள். வேலை இழந்த மகளுக்கும் அப்படி ஒரு காலம் கொடுப்போம். கடன் தவணை எவ்வளவு, இரண்டு மாதத்துக்கு எப்படிச் சமாளிப்பது என்று அவளையும் உட்காரவைத்துப் பேசுவோம். அவளுக்குத் தெரியாமல் கவலைப்படுவதும், அவள் முன்னால் பெருமூச்சு விடுவதும் அவளை இன்னும் குற்றவாளியாக்கும்.

அன்பியத்தில் அவளைப் பார்த்தால், விசாரணை செய்யாமல் வேலை கொடுப்போம். வீட்டோடு கிடக்கும் முதியவருக்கு இரத்த அழுத்தம் பார்க்க, சர்க்கரை நோயாளியின் கால் புண்ணைக் கவனிக்க, ஊரில் எத்தனையோ தேவைகள் உண்டு. கை தொழிலை மறக்காது, மனமும் தன் மதிப்பை மறக்காது. பங்கில் மூத்த செவிலியர்கள் இருந்தால், தாங்கள் தடுமாறிய முதல் நாட்களை அவளிடம் சொல்லட்டும்.

இரண்டு வாரம் கடந்தும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரிடமும் பேசவில்லை என்றால் அதைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தவர் தானும் மருந்து எடுத்துக்கொள்வதில் வெட்கம் இல்லை.

இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் கிடைக்காத சீமோனை ஆண்டவர் எங்கே சந்தித்தார்? கரையில், அவர் வலையை அலசிக்கொண்டிருந்த இடத்தில். பாடு இல்லாத இரவுக்குப் பின்னும் அவர் வலையைத் தூக்கி எறிந்துவிடவில்லை. அடுத்த முறைக்காக அலசினார். வேலை இழந்த நம் பிள்ளைகளும் தங்கள் வலையை அலசட்டும். அதுவரை அவர்களோடு கரையில் உட்கார்ந்திருக்க நமக்கு மனம் இருக்கட்டும். புனித கமில்லஸ் அவர்களுக்காகப் பரிந்துபேசுவாராக.