குறை வண்டியிலா, காலிலா?

லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டர்தான் தருகிறதென்று என் பழைய மாருதியை விற்றுவிடவே நினைத்தேன். ஹைதராபாத்தில் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியிருக்கிறது. தினமும் பத்மாராவ் நகரிலிருந்து மெஹதிப்பட்டினம் போய் வரவேண்டும்.

மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வந்தார். "குறை வண்டியில் இல்லை சார், உங்கள் காலில்" என்றார் தெலுங்கில். சுருக்கென்றது. ஆனால் உண்மை. பஞ்சகுட்டாவில் சிவப்பு விளக்கு தெரிந்த பிறகும் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பேன். கிட்டே போய் பிரேக் போடுவேன். எரித்த பெட்ரோலெல்லாம் பிரேக்கில் வெறும் சூடாகிப் போகும். போதாததற்கு, கிளட்ச் மேலேயே கால்!

வெளிவட்டச் சாலையில் நூறில் பறப்பது இன்னொரு வீண். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர்தான் சிக்கனம் என்று பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் பல வருடங்களாகச் சொல்லிவருகிறது. நான்தான் காதில் வாங்கவில்லை.

சிவப்பு தெரிந்ததும் காலை எடுத்தேன். நீண்ட சிக்னலில் இன்ஜினை அணைத்தேன். ஒரே பங்கில் டாங்க் நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்தேன்: பதினாறு! அலுவலகம் சேர ஐந்து நிமிடம்தான் அதிகம். பின்சீட்டில் மனைவியின் சாம்பார்த் தூக்கும் இப்போது சிந்துவதில்லை. வண்டியை விற்கவில்லை.