சிவந்துபோகும் சுற்றுலா ஆல்பங்கள்

தாத்தா காலத்து கறுப்பு வெள்ளைப் படம் அப்படியே இருக்கிறது. அப்பா எடுத்த வண்ணப் படம்தான் மங்குகிறது.

தாஜ்மகாலின் உச்சியை இரண்டு விரல்களால் கிள்ளிப் பிடித்திருக்கும் மாமா. மணாலியில் வாடகைக் கோட்டும் கம்பூட்ஸும் அணிந்து பனியில் விறைத்து நிற்கும் அம்மா. ஸ்ரீநகரின் மொகலாயத் தோட்டத்தில் காஷ்மீரி உடையில், இடுப்பில் குடத்துடன் அக்கா. கன்னியாகுமரியில் சூரியோதயத்தின் முன் கரிய நிழல்களாக மொத்தக் குடும்பம். இந்திய நடுத்தரக் குடும்பங்களின் ஆல்பத்தைப் புரட்டினால் இவற்றில் ஒன்றாவது கண்ணில் படும். மாநிலம் மாறும், மொழி மாறும், படம் மாறாது.

இந்த ஆல்பங்களுக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, எல்.டி.சி. எனப்படும் விடுமுறைப் பயணச் சலுகை. மத்திய அரசு ஊழியர் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்பத்தோடு நாட்டின் எந்த மூலைக்கும் போய்வர அது வழி செய்தது. மற்றொன்று, எளிய கேமரா. பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3இல் ஒரு சுருளுக்கு 12 சதுரப் படங்கள். 1960இல் நிறுவப்பட்ட ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1967இல் உற்பத்தியைத் தொடங்கி 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் விற்றது. 1980களில் ஹாட் ஷாட், 1990களின் பிற்பகுதியில் கோடக் கேபி10 என்று பட்டனை அழுத்தினால் போதும் என்ற கேமராக்கள் வந்தன. அதற்குள் வண்ண ஃபிலிமும் கலர் லேபும் சிற்றூர்வரை எட்டியிருந்தன.

ஒரு ரோலில் 36 படங்கள். சாமர்த்தியமாக மாட்டினால் 37 அல்லது 38. பத்து நாள் பயணத்துக்கு ஒன்றோ இரண்டோ ரோல்கள்தான். எனவே ஒவ்வொரு படமும் வீட்டுத் தலைவரின் அனுமதியோடு எடுக்கப்பட்டது. கோபுரமோ கோட்டையோ முழுசாக விழவேண்டும் என்று அவர் பின்னால் நகர்ந்துகொண்டே போக, முன்னால் நின்றவர்களின் முகங்கள் கடுகாகிப்போயின. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கவேண்டும் என்பது அன்றைய பாலபாடம். அதனால்தான் பழைய படங்களில் எல்லோரும் கண்களைச் சுருக்கிக்கொண்டிருக்கிறார்கள். தரையில் படமெடுப்பவரின் நிழல் நீண்டு கிடக்கிறது. பல ஆல்பங்களில் அப்பா இருந்ததற்கு அந்த நிழல்தான் சாட்சி. மிச்சமான ஆறேழு படங்கள் தீபாவளிக்கோ குழந்தையின் பிறந்தநாளுக்கோ காத்திருக்கும். ஆகவே, கழுவி வரும்போது நைனிடால் ஏரியை அடுத்து மத்தாப்பூ வரும்.

இன்று அந்தப் படங்களில் மதிப்புள்ளவை தாஜ்மகாலும் குதுப்மினாரும் அல்ல. அவற்றைத் தேர்ந்த கலைஞர்கள் நன்றாகவே எடுத்துவைத்திருக்கிறார்கள். ஓரத்தில் தற்செயலாக விழுந்த ஹோல்டால், தண்ணீர் ஜக், அம்பாசடர் டாக்சி, பெல்பாட்டம், கைத்தையல் ஸ்வெட்டர் ஆகியவற்றை எந்த அருங்காட்சியகமும் இவ்வளவு சேர்த்துவைக்கவில்லை. 2010இல் அனுஷா யாதவ் தொடங்கிய 'இந்தியன் மெமரி புராஜெக்ட்', குடும்பப் படங்களையும் அவற்றின் கதைகளையும் கொண்டே நாட்டின் சரித்திரத்தைச் சொல்ல முயல்கிறது.

ஆனால் மூலப்பொருள் கரைந்துகொண்டிருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்குவது வெள்ளித் துகள். ஒழுங்காகக் கழுவப்பட்டிருந்தால் அது தலைமுறைகளைத் தாண்டும். வண்ணப் படத்தில் இருப்பதோ நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள் ஆகிய மூன்று சாயங்கள். 1970, 80களின் பிரிண்டுகள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்தாலும் வெளுக்கிறது. அதனால் காஷ்மீரத்துப் பனிகூடச் செம்மண் நிறம் காட்டுகிறது. சட்டம் போட்டு வெளிச்சத்தில் மாட்டினால் வேறு சாயம் வெளுக்கிறது. பசைத்தாளும் பிளாஸ்டிக் உறையும் கொண்ட ஆல்பங்கள் படத்தைப் பாதுகாப்பதற்குப் பதில் அரிக்கின்றன. மழைக்கால ஈரத்தில் பூஞ்சை பிடிக்கிறது.

பரிகாரம் சிரமமானதல்ல. நெகட்டிவ் கீற்றுகளைத் தூக்கி எறியக்கூடாது. மங்கிய பிரிண்டைவிட அவற்றில் பெரும்பாலும் விவரம் அதிகம் மிஞ்சியிருக்கும். பசைத்தாளில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் பக்கத்தோடு ஸ்கேன் செய்யலாம். உருவாக்கிய கோப்பை இரண்டு இடங்களில் சேமிக்கவேண்டும். படங்களை ஈரமில்லாத, வெயில் படாத அலமாரியில் வைப்பது நல்லது. வெளிச்சுவரில் பதித்த அலமாரியும் பரணும் வேண்டாம்.

செல்போன் தலைமுறைக்கு வேறு பிரச்னை. ஒரே காலைப் பொழுதில் நூறு படங்கள் எடுக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அவை சுருங்குகின்றன. போன் தொலைந்தால், நகல் எடுக்காதவர்களுக்குப் பயணமே தொலைகிறது. வருடத்துக்கு 36 படங்களைத் தேர்ந்தெடுத்து பிரிண்ட் போட்டுவைத்தால் பழைய கட்டுப்பாட்டின் பலன் ஓரளவு கிடைக்கும்.

எதற்கும் முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. 1975இல் ஹரித்வார் படித்துறையில் வரிசையாக நின்றவர்கள் யார், எவர் என்று சொல்லக்கூடியவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களை உட்காரவைத்துப் பெயர்களைக் கேட்டு, ஊரும் வருடமும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளவேண்டும். வெளுத்த நிறத்தைக் கம்ப்யூட்டர் ஓரளவு மீட்டுத் தரும். மறந்துபோன பெயரை அதனால் தர முடியாது.