சுமையை இறக்கியும் 'குட்டி யானை'யின் பின்பக்கம் ஏன் நிமிர்வதில்லை?

திருவண்ணாமலை - செங்கம் சாலையில் மல்லாட்டை மூட்டைகளோடு போகும் பழைய 'குட்டி யானை'யைக் கவனித்திருக்கிறீர்களா? மூட்டைகளை இறக்கிய பிறகும் சிலவற்றின் பின்பக்கம் அமுங்கியே நிற்கும். 'குட்டி யானை' என்று நாம் அழைக்கும் டாடா ஏஸ் 2005-ல் வந்தபோது அது சுமக்க வேண்டிய எடை சுமார் முக்கால் டன். நாம் அந்தக் கணக்கோடு நிறுத்துகிறோமா என்ன!

பின்சக்கரங்களைத் தாங்கும் இடத்தில், வில்லாக வளைந்த எஃகுப் பட்டைகள் அடுக்காக இருக்கும். எதற்கு இத்தனை? தடித்த பட்டை ஒன்று போதாதா?

ஒரு நோட்டுப் புத்தகத்தை இரு கையாலும் வளையுங்கள். சுலபமாக வளையும், ஓரத்தில் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதும் தெரியும். அதே தாள்களைப் பசைபோட்டு ஒட்டிக் காயவைத்து வளைத்தால்? வெளிப்புறம் இழுபட்டு விரிசல் விடும். தடிமன் கூடக்கூட அந்த இழுவையும் கூடும். மெல்லிய பட்டைகளோ வளைந்து, வழுக்கி, சுமையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அவற்றின் உரசலே குலுக்கலையும் கொஞ்சம் அடக்கிவிடுகிறது.

ஆனால் எஃகின் பொறுமைக்கும் எல்லை உண்டு. அதைத் தாண்டி அழுத்தினால் பழைய வளைவு முழுதாகத் திரும்பாது. அப்போது பட்டறையில் பட்டையைக் கழற்றி, அடித்து, மறுபடி வளைவு ஏற்றுவார்கள். இல்லையென்றால் கூடுதலாக ஒரு பட்டையைச் சேர்ப்பார்கள்.

சேர்த்ததும் வண்டி நிமிர்ந்துவிடும். பிரேக், அச்சு, டயர்? அவை அதே பழைய எடைக்குச் செய்தவைதானே! பட்டை கூடினால் விறைப்பும் கூடும். சந்தேகமிருந்தால் பட்டை சேர்த்த வண்டியில், சுமை இல்லாமல், திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு வேகத்தடையையும் உங்கள் முதுகெலும்பு எண்ணிச் சொல்லும்.