வலிக்காத புண்

வாய்வழி உறவு கொண்ட மறுநாள் தொண்டை கரகரத்தால் மனம் நேராக எச்.ஐ.வி.க்குத்தான் ஓடும். ஒரே இரவில் எச்.ஐ.வி. அறிகுறி காட்டாது. இந்த வழியில் அது தொற்றும் வாய்ப்பும் மிக மிகக் குறைவு. எச்சிலால் பரவாது. வாயில் புண்ணோ ஈறில் ரத்தக் கசிவோ இருந்து, விந்தும் உள்ளே போயிருந்தால் ஆபத்து சற்றுக் கூடும், அவ்வளவுதான்.

அந்தப் பயத்தில் மூன்று தடவை எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்கிறவர், சிபிலிஸ் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. ஆனால் வாய்வழியாக எளிதில் தொற்றுவது அதுதான். 10 முதல் 90 நாட்களுக்குள், பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில், உதட்டிலோ நாக்கிலோ பிறப்புறுப்பிலோ ஒரு புண் வரும். வலிக்காது. வலிக்காத புண்ணை யார் மதிக்கிறார்கள்? சில வாரங்களில் தானாக ஆறியும் விடும். கிருமி மட்டும் உள்ளேயே தங்கும். ஆரம்பத்தில் பென்சிலின் ஊசியோடு முடிந்துபோகிற விஷயம், கவனிக்காமல் விட்டால் பல ஆண்டுகள் கழித்து மூளை, இதயம் வரை போகலாம்.

கொனோரியா தொண்டையில் பெரும்பாலும் சத்தமே இல்லாமல் குடியிருக்கும். சிறுநீர்ப் பரிசோதனையில் அது அகப்படாது. தொண்டையைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துப் பார்க்க வேண்டும். ஆகவே என்ன நடந்தது என்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லியே ஆகவேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரை இதைத் தீர்க்காது, கிருமியை மருந்துக்குப் பழக்கித்தான் விடும். உதட்டுக் கொப்புளம் ஹெர்பிஸாக இருக்கலாம். அது ஆறும்வரை விலகியிருப்பதே நல்லது. ஆணுறை ஆபத்தை வெகுவாகக் குறைக்கும்.

லாட்ஜில் அறை எடுத்து ‘ரகசிய நோய்’ பார்க்கிறவர்களிடம் பணத்தைக் கொட்ட வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்க்குச் சுகவாழ்வு மையமும், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையமும் இலவசம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 1097-க்கு அழைக்கலாம். மறுநாளே ரத்தம் கொடுத்து ‘நெகட்டிவ்’ வாங்குவதில் அர்த்தமில்லை. மூன்று மாதம் கழித்து ஒருமுறை பார்த்தால்தான் எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டிலும் உறுதி கிடைக்கும்.

2017 எச்.ஐ.வி. சட்டப்படி, பொதுவாக உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவோ முடிவை வெளியே சொல்லவோ கூடாது. தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுக்கவும் கூடாது. மீறினால் மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். பெண்ணுக்கோ குழந்தைக்கோ நடந்தது வற்புறுத்தலால் என்றால், வேறொரு சட்டப்படி அரசோ தனியாரோ எந்த மருத்துவமனையும் கட்டணமின்றி உடனே சிகிச்சை தரவேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

சிபிலிஸோ கொனோரியாவோ உறுதியானால் துணையையும் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். ஒருவர் மட்டும் மருந்து எடுத்தால், குணமானவருக்கே அது திரும்ப வந்து சேரலாம்.