அது என்ன பறவை?

ஜோகுபாளையத்தில் காடு இல்லை. குறுகலான தெருக்கள் இருக்கின்றன. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள் இருக்கின்றன. இங்கே வளரும் குழந்தைக்கு இயற்கையை எப்படிக் காட்டுவது? பன்னேர்கட்டாவுக்கு அழைத்துப் போனால்தான் உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். பஸ் செலவு, டிக்கெட் செலவு என்று கணக்குப் பார்க்கிறார்கள். பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிடுகிறார்கள்.

பணத்தைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அது வெட்கம். குழந்தை வானத்தைப் பார்த்து, "அம்மா, அது என்ன பறவை?" என்று கேட்கிறது. அம்மா சிறுவயதில் பள்ளிக்கூடம் போனதில்லை. பறவையின் பெயர் தெரியாது. தெரியாது என்று பெற்ற பிள்ளையிடம் சொல்லக் கூச்சம். "பேசாம நட" என்று கையைப் பிடித்து இழுக்கிறார். நாலு தடவை இப்படி நடந்தால் போதும். ஐந்தாவது தடவை குழந்தை கேட்காது. மேலே பார்ப்பதையும் விட்டுவிடும்.

பெயர் தெரியாவிட்டால் என்ன? பம்பாயில் ஒரு மாமாவுக்கும் தெரியவில்லை.

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி பிறந்தார். சின்னஞ்சிறு வயதிலேயே அப்பாவும் அம்மாவும் இறந்து போனார்கள். தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜி அவரை வளர்த்தார். பையனுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டு வீழ்த்தினான். கையில் எடுத்துப் பார்த்தான். கழுத்தில் மஞ்சளாக ஒரு திட்டு இருந்தது. மற்றக் குருவிகளுக்கு அப்படி இல்லையே! மாமாவிடம் ஓடினான்.

மாமாவுக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் பையனை விரட்டவில்லை. வாய்க்கு வந்த பெயரையும் சொல்லவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் என்ற சங்கம் அங்கே இருந்தது. அதன் செயலாளர் மில்லர்டு என்ற வெள்ளைக்காரர். அவரைப் பார்க்கும்படி பையனை அனுப்பி வைத்தார். பையன் பயந்து கொண்டேதான் போனான். மில்லர்டு அவனை அன்பாக வரவேற்றார். பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று தெரிந்தது.

அந்தப் பையன்தான் பின்னாளில் இந்தியாவின் பெரிய பறவை அறிஞர் ஆனார். இந்தியப் பறவைகளைப் பற்றி 1941இல் அவர் வெளியிட்ட புத்தகம் இன்றும் படிக்கப்படுகிறது. நமது மைசூர்ப் பக்கத்துப் பறவைகளையும் அவர் ஆராய்ந்திருக்கிறார். 1987இல் காலமானார். (துப்பாக்கி விஷயத்தை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம். 1972இல் வந்த வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி பறவைகளைச் சுடுவது குற்றம். பிள்ளை ஆசைப்படுகிறது என்று பச்சைக்கிளியை வாங்கிக் கூண்டில் அடைப்பதும் குற்றம்தான். இது பலருக்குத் தெரிவதில்லை.)

இனி நம் பகுதிக்கு வருவோம். ஜோகுபாளையத்திலிருந்து அல்சூர் ஏரிக்கு நடந்தே போய்விடலாம். ஏறக்குறைய 123 ஏக்கர் ஏரி அது. காலையில் சீக்கிரம் போவது நல்லது. சத்தம் போடாமல் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

கறுப்பாக ஒரு பறவை சிறகுகளை விரித்தபடி உட்கார்ந்திருக்கும். அது நீர்க்காகம். ஏன் அப்படி உட்கார்ந்திருக்கிறது? அது தண்ணீருக்குள் முங்கி மீன் பிடிக்கும். அப்போது இறகுகள் நனைந்துவிடும். நாம் துவைத்த சேலையைக் கொடியில் விரிப்பது போல அது சிறகைக் காயவைக்கிறது. கரையோரம் மண் நிறத்தில் அசையாமல் நிற்பது மடையான். நிற்கும்போது கண்ணுக்கே தெரியாது. பறந்தால் வெள்ளை வெளேர் என்று இறக்கை தெரியும். குழந்தைகள் இதைப் பார்த்துக் கைதட்டுவார்கள். கூழைக்கடா வந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். அதன் அலகுக்குக் கீழே பை தொங்கும். மீனைத் தண்ணீரோடு அள்ளும். தண்ணீரை வடியவிட்டு மீனை விழுங்கும்.

மாலையில் போனால் தூங்குமூஞ்சி மரத்தைக் காட்டுங்கள். இருட்டத் தொடங்கும்போது அதன் இலைகள் மூடிக்கொள்ளும். இதைக் காட்டக் காசு வேண்டாம். ஏரி வரை போகவும் வேண்டாம். சாலையோரத்தில் ஒரு மரம் இருந்தால் போதும்.

பார்க்கப் பார்க்கக் கேள்விகள் வரும். சில கேள்விகள் வருத்தம் தருபவை. 2016ஆம் ஆண்டு மார்ச் மாதம் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. ஏன் செத்தன என்று பிள்ளைகள் கேட்டால் மறைக்கக் கூடாது. சாக்கடை நீர் ஏரியில் கலந்தால் அழுக்கைத் தின்னும் கிருமிகள் பெருகும். அவை தண்ணீரில் உள்ள பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும். மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். மீன் இல்லாத ஏரிக்குக் கூழைக்கடா ஏன் வரப் போகிறது? நீர்க்காகத்தை ரசித்துப் பார்த்த குழந்தைக்கு இது சட்டென்று புரியும்.

பெரியவர்கள் எப்படி நடக்கிறார்களோ அதைத்தான் பிள்ளைகள் பார்க்கிறார்கள். மண்டியா மாவட்டத்தில் கொக்கரே பெள்ளூர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. ஊருக்குள் இருக்கும் புளியமரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. தெருவெல்லாம் எச்சம் விழும். மீன் நாற்றமும் அடிக்கும். ஆனாலும் யாரும் கல் எறிவதில்லை. பிரசவத்துக்குத் தாய் வீடு வந்த மகளைப் போல அவற்றைப் பார்க்கிறார்கள். அந்த ஊர்க் குழந்தைகளுக்கு இதைத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

வீட்டில் பாதி எழுதிய பழைய நோட்டு ஒன்று கிடக்கும். அதை எடுத்து வையுங்கள். தேதி போட்டு, அன்று பார்த்ததை எழுதுங்கள். ஜோகுபாளையத்துப் பிள்ளைகள் பலர் பள்ளியில் கன்னடம் படிக்கிறார்கள். பிள்ளை கன்னடத்தில் 'ஹெஜ்ஜார்லே' என்று எழுதட்டும். பக்கத்திலேயே அம்மா தமிழில் 'கூழைக்கடா' என்று எழுதலாம். குருவிக்குக் கன்னடத்தில் 'குப்பச்சி'. பெயர் தெரியாத பறவை என்றால் நிறம், அலகு, கால், அது என்ன செய்தது என்று எழுதி வைத்தால் போதும். தெரிந்தவர் யாரையாவது பார்க்கும்போது நோட்டைக் காட்டிக் கேட்கலாம். ஆறு மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால், எந்தப் பறவை எந்த மாதம் வந்தது, எது வராமல் போனது என்று பிள்ளையே சொல்லும்.