கடலிலே ஒரு கூட்டுக் குடித்தனம்

திருவெறும்பூர் மலைக்கோயில் படிகளில் ஒரு மாலை வேளை. மலை சிறியதுதான். ஆனாலும் பாதி வழியில் உட்கார்ந்து சற்று இளைப்பாறாமல் அப்பாயி மேலே ஏறமாட்டார். எங்கள் தெருவுக்கே அவர் அப்பாயி. அன்று அவர் முகத்தில் கோபம். பக்கத்தில் கல்லூரியில் படிக்கும் பேத்தி.

"நீயே சொல்லும்மா! லீவு விட்டதும் மெட்ராசுக்குப் போய்ப் பாய்மரப் படகு ஓட்டப் பழகப் போறாளாம். ஜெயிச்சு மெடல் வாங்கவாச்சும் போறாளான்னா, அதுவும் இல்லையாம்!"

"பந்தயம் வேண்டாம் அப்பாயி. நாலு பேரோட சேர்ந்து கடலில் ஊர் ஊராகப் போகணும்" என்றாள் பேத்தி.

"போனா யாரு சமைப்பா? எங்கே தூங்குவே? குடிதண்ணிக்கு எங்கே போவே?"

மூன்றும் நியாயமான கேள்விகள். பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஜெயிப்பவர் இல்லாத விளையாட்டு

சென்னைத் துறைமுகத்தில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்று ஒரு படகுச் சங்கம் இருக்கிறது. 1911-ல் அதைத் தொடங்கியவர் துறைமுகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். கணித மேதை ராமானுஜன் 1912-ல் குமாஸ்தாவாக வேலைக்குச் சேர்ந்தது அவருடைய அலுவலகத்தில்தான்!

பாய்மரப் படகில் இரண்டு வகை உண்டு. ஒன்று பந்தயம். சிறுமியாகச் சென்னையில் கோடைப் பயிற்சியில் சேர்ந்த நேத்ரா குமணன், பாய்மரப் படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். 2021-ல் டோக்கியோவில் போட்டியிட்டார். மற்றொன்று சுற்றுப் பிரயாணம். இதற்கென்றே லண்டனில் 1880-லேயே சங்கம் வைத்துவிட்டார்கள். நாலைந்து படகுகள் சேர்ந்து புறப்படும். மெதுவாகப் போகிற படகுக்கு மற்றவை காத்திருக்கும். எப்போது கிளம்புகிறோம், எப்போது சேருவோம் என்று கரையில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். மாலையில் நங்கூரம் போட்டதும் ஒரு படகில் சமையல், எல்லாப் படகுக்காரருக்கும் சாப்பாடு. யாரும் முந்த வேண்டியதில்லை. எல்லாரும் போய்ச் சேர வேண்டும், அவ்வளவே.

ஊஞ்சல் அடுப்பு

அப்பாயியின் கேள்விகளுக்கு வருவோம். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். அதனால் அடுப்பை ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டிருப்பார்கள். படகு எப்படிச் சாய்ந்தாலும் குழம்புச் சட்டி நேராக நிற்கும். சமையல் முறை போட்டுத்தான். ஆணென்றும் பெண்ணென்றும் பேதமில்லை.

தூக்கம்? படுக்கையின் ஓரத்தில் துணித் தடுப்பு கட்டியிருக்கும். குழந்தை தூளியில் கிடப்பதுபோல் உருளாமல் தூங்கலாம். ஆனால் எல்லாரும் ஒரே சமயத்தில் தூங்க முடியாது. ஒருவர் தூங்கினால் ஒருவர் காவல். இரவில் மேல்தளத்துக்கு வருபவர் உடம்பில் கச்சை கட்டி, கயிற்றால் தம்மைப் படகோடு கொக்கி போட்டு மாட்டிக்கொள்ள வேண்டும்.

குடிதண்ணீரை அளந்துதான் செலவிட வேண்டும். பாத்திரத்தைக் கடல் நீரில் கழுவி, நல்ல தண்ணீரில் ஒரு தரம் அலசுவார்கள். கார்ப்பரேஷன் குழாயில் ஒரு நாள் தண்ணீர் வராமல் சமாளித்த குடும்பத் தலைவிக்கு இதைக் கற்றுத் தரவா வேண்டும்?

இருவர் மட்டும்

"சரி, பொம்பளைங்க யாராச்சும் அப்படிப் போயிருக்காங்களா?" என்றார் அப்பாயி.

போயிருக்கிறார்கள். நம் கடற்படையின் 'தாரிணி' என்ற பாய்மரப் படகு சுமார் 17 மீட்டர் நீளம். 2017-18-ல் ஆறு பெண் அதிகாரிகள் அதில் உலகைச் சுற்றினார்கள். பிறகு 2024 அக்டோபர் 2-ஆம் தேதி, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் கோவாவிலிருந்து புறப்பட்டார்கள். இரண்டே பேர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாக்லாந்துத் தீவு, தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு இடங்களில்தான் தங்கல். காற்றை நம்பியே சுமார் 25,400 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 47,000 கிலோமீட்டர் கடந்து, 2025 மே 29-ஆம் தேதி கோவா திரும்பினார்கள்.

வழியில் பசிபிக் சமுத்திரத்தில் 'நீமோ முனை' என்ற இடத்தைக் கடந்தார்கள். அங்கிருந்து எந்தத் திசையில் போனாலும் மிகச் சமீபத்திய கரை சுமார் 2,688 கிலோமீட்டர்! அங்கே ஒருவர் கண்ணயர்ந்தால் அவர் உயிர் மற்றவர் கையில்.

அப்பாயி வெகு நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "எட்டு மாசம்... ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கலையா?"

"அவர்களைத்தான் கேட்க வேண்டும், அப்பாயி. ஆனால் பேசாமல் இருக்கலாமே தவிர, காவல் முறையை விட முடியாதே!"

அவர் சிரித்துவிட்டார். தேவர்கள் எறும்பு உருவில் வந்து ஈசனை வழிபட்ட மலை அல்லவா இது? எதிர்ப்படியில் எறும்புச் சாரை ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே அப்பாயி எழுந்தார்.

"உன் வயசிலே நான் காவிரியிலே அக்கரைக்கு நீந்தினவ. இவளுக்கு நீச்சல் தெரியுமா, கேளு. முதல்லே அதைக் கத்துக்கட்டும். அப்புறம் இவ அப்பன்கிட்டே நான் பேசறேன்."

பேத்தி ஒன்றும் சொல்லவில்லை. அப்பாயியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவருடைய நடைக்கே படி ஏறினாள்.