கார்பன் வரியும் மக்களின் நேரடி வாக்கும்

நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு ஆகியவை எரியும்போது வெளியாகும் கரியமில வாயுவுக்கு டன் ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை நிர்ணயித்து, அதை எரிபொருளை விற்பவரிடமோ எரிக்கும் நிறுவனத்திடமோ அரசு வசூலிப்பதற்குக் கார்பன் வரி என்று பெயர். புகையைக் காற்றில் விடுவதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்ற நிலை நீடிக்கும் வரை ஆதாயம் எரிப்பவரைச் சேர, புவி சூடேறுவதால் விளையும் நட்டத்தை வேறு யாரோ சுமப்பார்கள் என்பதும், அந்த நட்டத்தில் ஒரு பங்கையாவது விலையில் ஏற்றிவிட்டால் ஆலைகளும் குடும்பங்களும் தாமாகவே மாற்று வழிகளைத் தேடத் தொடங்கும் என்பதும் இவ்வரியை ஆதரிக்கும் பொருளியலாளர்களின் வாதம். ஆனால் ஏறத்தாழ எல்லாருடைய மின்கட்டணத்தையும் எரிபொருள் செலவையும் தொடக்கூடிய இத்தகைய வரியை நாடாளுமன்றமே விதித்துவிடலாமா, மக்களிடம் நேரடியாக வாக்குக் கேட்ட பிறகுதான் விதிக்க வேண்டுமா என்ற கேள்வி ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எழுந்து, இடத்துக்கு ஒரு விதமாக விடை கண்டிருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் எழுந்த கோரிக்கை

2010 ஆகஸ்ட் தேர்தலுக்குச் சில நாள்களுக்கு முன், தமது தலைமையிலான அரசில் கார்பன் வரி இராது என்று ஆஸ்திரேலியப் பிரதமர் ஜூலியா கில்லார்ட் உறுதியளித்தார். தேர்தலில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டாத நிலையில், பசுமைக் கட்சியினர், சுயேச்சைகள் ஆகியோரின் ஆதரவோடு ஆட்சி அமைத்த அவர், 2011 பிப்ரவரியில் கரியமில வாயுவுக்கு விலை விதிக்கும் திட்டத்தை அறிவித்தார். கொடுத்த உறுதிமொழியை மாற்றிக்கொண்ட அரசு மக்களிடமே திரும்பிப் போக வேண்டும் என்று வாதிட்ட எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபாட், அவ்வாண்டு ஜூன் மாதம் இதற்கென ஒரு வாக்கெடுப்பைக் கோரினார். நாடாளுமன்றத்தில் அக்கோரிக்கைக்குப் போதிய ஆதரவு கிட்டவில்லை.

அவர் கோரிய வாக்கெடுப்பின் தன்மை இங்கே கவனிக்கத்தக்கது. ஆஸ்திரேலிய அரசியலமைப்பின் 128ஆம் பிரிவின்படி, அரசியலமைப்பைத் திருத்துவதற்குப் பொதுவாக்கெடுப்பு கட்டாயம். அதன் முடிவு அரசைக் கட்டுப்படுத்தும். சாதாரணச் சட்டமொன்றைப் பற்றியோ கொள்கையைப் பற்றியோ மக்களின் கருத்தை அறிய நடத்தப்படும் வாக்கெடுப்புக்கு அத்தகைய சட்ட வலு கிடையாது. முதல் உலகப் போரின்போது கட்டாய ஆள்சேர்ப்பு குறித்து 1916, 1917 ஆகிய ஆண்டுகளில் நடந்தவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை; அபாட் கேட்டதும் அதுவே. அத்தகைய வாக்கெடுப்பில் எந்தத் தரப்பு வென்றாலும் மறுதரப்பு தன் நிலையை மாற்றிக்கொள்ளச் சட்டப்படி கடமைப்பட்டதில்லை என்பதால், அது தீர்ப்பாக அமைவதைக் காட்டிலும் அடுத்த தேர்தலுக்கான பிரசார ஆயுதமாக அமையும் வாய்ப்பே மிகுதி.

வாக்குச்சீட்டில் எது தெரியும், எது தெரியாது என்பது இன்னொரு சிக்கல். 2012 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலியச் சட்டம் டன் ஒன்றுக்கு 23 டாலர் விலை வைத்தது. நிலக்கரி மின் நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரம் உற்பத்தியாகும்போது ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்று கொண்டால், அவ்விலை யூனிட்டுக்குச் சுமார் 2.3 சென்ட் ஆகும். இது மின்கட்டணச் சீட்டில் கண்ணில் படக்கூடிய தொகை. இதை ஈடுகட்ட அரசு செய்த ஏற்பாடோ வேறிடத்தில் இருந்தது: வருமான வரி செலுத்தத் தேவையில்லாத வரம்பு 6,000 டாலரிலிருந்து 18,200 டாலராக உயர்த்தப்பட்டது, ஓய்வூதியங்களும் கூட்டப்பட்டன. சுமை ஒரு சீட்டிலும் சலுகை மற்றொரு கணக்கிலுமாகப் பிரிந்து கிடக்கும்போது, 'இவ்வரி வேண்டுமா' என்ற ஒற்றை வினா சுமையை மட்டுமே முன்னே நிறுத்துகிறது.

வாக்கெடுப்பைத் தவிர்த்ததற்கும் விலை கொடுக்க நேர்ந்தது. 2013 செப்டம்பர் தேர்தலையே கார்பன் வரி மீதான வாக்கெடுப்பாக முன்னிறுத்தி வென்ற அபாட்டின் அரசு, 2014 ஜூலையில் அச்சட்டத்தை நீக்கியது. வரி நடப்பில் இருந்தது இரண்டே ஆண்டுகள். பல ஆண்டுகளுக்குப் பலன் தரும் முதலீடுகளைத் தூண்ட வேண்டிய ஒரு வரி, அடுத்த தேர்தலைத் தாண்டுமா என்ற ஐயத்திலேயே வாழ்ந்தால் எந்த நிறுவனமும் அதை நம்பிப் பணம் போடாது. மக்களின் ஒப்புதலை முதலிலேயே பெற்ற சட்டம் இவ்வளவு எளிதில் கவிழாது என்பதே நேரடி வாக்கை ஆதரிப்போரின் வலுவான வாதம்.

சுவிட்சர்லாந்தின் பழக்கம்

சுவிட்சர்லாந்தில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை எதிர்த்து 100 நாள்களுக்குள் 50,000 கையொப்பங்கள் திரட்டினால், அச்சட்டம் மக்களின் வாக்குக்குப் போயாக வேண்டும். முடிவு அரசைக் கட்டுப்படுத்தும். ஆண்டில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் வாக்கெடுப்புக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. இரு தரப்பு வாதங்களும் அடங்கிய விளக்கக் கையேடு வாக்குச்சீட்டோடு வாக்காளரின் வீட்டுக்கே வந்துவிடுகிறது. பெரும்பாலோர் அஞ்சலிலேயே வாக்களிக்கின்றனர். அங்கு சூடேற்றும் எண்ணெய், எரிவாயு ஆகியவற்றின் மீதான கார்பன் கட்டணம் 2008 முதல் நடப்பில் உள்ளது. வசூலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மக்களுக்கும் நிறுவனங்களுக்கும் திருப்பித் தரப்படுகிறது.

இந்தக் கட்டணத்தின் உச்சவரம்பை டன்னுக்கு 120 பிராங்கிலிருந்து 210 பிராங்காக உயர்த்தவும், விமானப் பயணச்சீட்டுக்கு 30 முதல் 120 பிராங்க் வரை கட்டணம் விதிக்கவும் வகைசெய்த சட்டத்தை 2021 ஜூன் 13 அன்று 51.6 விழுக்காட்டினர் நிராகரித்தனர். அன்றே பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான இரு முன்மொழிவுகளும் வாக்குக்கு வந்ததால் கிராமப்புற வாக்காளர்கள் பெருமளவில் திரண்டனர் என்பதும், ஜெனீவா, ஜூரிக் போன்ற நகர்ப்புற மாநிலங்கள் சட்டத்தை ஏற்றபோதும் தோல்வியைத் தடுக்க இயலவில்லை என்பதும் இம்முடிவின் பின்னணி. திரும்பக் கிடைக்கும் பணம் பலர் கண்ணில் படாததும் கருதத்தக்கது. 2021இல் ஒருவருக்கு 87 பிராங்க் கிடைத்தது. ஆனால் அது கையில் தரப்படாமல் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தில் கழிக்கப்படுவதால், பிரீமியச் சீட்டின் ஒரு வரியில் ஒதுங்கிவிடுகிறது.

அந்தத் தோல்வியோடு அங்கு எல்லாம் முடிந்துவிடவில்லை. புதிய வரி எதுவுமின்றி, பழைய எண்ணெய்ச் சூடேற்றிகளை மாற்றுவதற்குப் பத்தாண்டுகளில் 200 கோடி பிராங்க் உதவி தந்து, 2050க்குள் நிகர உமிழ்வைப் பூச்சியமாக்கும் இலக்கை வகுத்த வேறொரு சட்டத்தை நாடாளுமன்றம் வடிவமைத்தது. 2023 ஜூன் 18 அன்று 59.1 விழுக்காட்டினர் அதை ஏற்றனர். மக்கள் முதன்முறை மறுத்தது பருவநிலைக் கொள்கையை அல்ல, அதற்குப் பணம் திரட்டிய முறையையே என்பது இவ்வாறு தெளிவாயிற்று. அந்தத் தெளிவைத் தந்தது அடுத்தடுத்து நடந்த இரு வாக்கெடுப்புகளே.

வாஷிங்டன் மாநிலத்தின் அனுபவம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மக்களே சட்ட முன்மொழிவைக் கொண்டுவர இயலும். விற்பனை வரியைக் குறைத்து அதற்கு ஈடாகக் கார்பன் வரியை விதிக்கும் முன்மொழிவை 2016இல் 59 விழுக்காட்டினர் நிராகரித்தனர்; வசூலாகும் பணம் தூய எரிசக்திக்கும் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கும் போகவில்லை என்று சூழலியல் தரப்பினரில் ஒரு சாராரே அதை ஆதரிக்க மறுத்தனர். அந்தக் குறையைத் தீர்த்து, பணத்தைத் தூய எரிசக்திக்கே ஒதுக்கிய முன்மொழிவு 2018இல் வந்தபோது, எண்ணெய் நிறுவனங்கள் முன்னின்று 3 கோடி டாலருக்கு மேல் செலவிட்ட எதிர்ப்பிரசாரத்துக்கு நடுவே அதுவும் தோற்றது.

பின்னர் 2021இல் மாநிலச் சட்டமன்றமே, உமிழ்வுக்கு மொத்த வரம்பு வைத்து அதற்கான அனுமதிகளை ஏலத்தில் விற்கும் சட்டத்தை இயற்றியது. 2023இல் அது நடைமுறைக்கு வந்தது. பெட்ரோல் விலையை ஏற்றிவிட்டது என்ற குற்றச்சாட்டோடு அச்சட்டத்தை நீக்கக் கோரும் முன்மொழிவு 2024 நவம்பரில் வாக்குக்கு வந்தபோது, ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் நீக்க வேண்டாம் என்று வாக்களித்தனர். கார்பனுக்கு விலை வைப்பதை இருமுறை மறுத்த அதே மாநிலம், அந்த விலையோடு வாழ்ந்து பார்த்து, அதன் பணம் போக்குவரத்திலும் பள்ளிகளிலும் செலவாவதைக் கண்ட பிறகு, அதைக் காத்துக்கொண்டது.

வரிகளின் நுணுக்கம் மக்களுக்குப் புரியாது, ஆதலால் அவர்களைக் கேட்கவே கூடாது என்ற வாதத்தை இம்மூன்று அனுபவங்களும் ஆதரிக்கவில்லை. கேட்டுவிட்டால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையையும் ஆதரிக்கவில்லை. நடைமுறைக்கு வராத வரியின் சுமையை எவரும் எளிதில் கற்பனை செய்துகொள்வர். அதன் பலனை அனுபவித்தாலன்றி அறிய இயலாது. ஆகவே, சட்டமன்றம் முதலில் சட்டம் இயற்றி, திரும்பத் தரும் பணத்தைக் குடும்பங்கள் கண்ணால் காணும்படி கையில் சேர்த்து, சில ஆண்டுகளுக்குப் பின் அரசைக் கட்டுப்படுத்தும் வாக்கெடுப்பு ஒன்று நடக்கும் என்று சட்டத்திலேயே எழுதி வைப்பது இரு தரப்பின் நியாயத்துக்கும் இடம் தருகிறது. வரியின் தலைவிதியை மக்களே முடிவு செய்வார்கள் என்ற உரிமை அதில் காக்கப்படுகிறது. அம்முடிவு அச்சத்தின் மீது அல்லாமல் அனுபவத்தின் மீது எடுக்கப்படுகிறது.